நிமிர்ந்துவிட்டதாக நினைக்கும் முதுகு



நம் சமுதாயத்தில் ஒரு கூற்று நெடுநாளாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஐவேளைத் தொழுகை உலகின் தலைசிறந்த உடற்பயிற்சி என்றும், அதை ஒழுங்காக நிறைவேற்றுபவரை முதுகுவலி அண்டாது என்றும், மேலைநாட்டு விஞ்ஞானிகளே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் அது சொல்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் வண்ணப்படங்களோடு வருகிறது. சில வேளைகளில் பயான் மேடைகளிலும் ஒலிக்கிறது. எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எந்த ஆய்வு என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. நல்லெண்ணத்தோடு பரப்பப்படும் இந்தக் கூற்று, மேசைமுன் அமர்ந்து பிழைப்பு நடத்தும் நம் இளைஞர்களின் முதுகையும் கெடுக்கிறது, அவர்களுடைய தொழுகையையும் கெடுக்கிறது என்பதே என் வாதம். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளின் கடமையான தொழுகைகள் 17 ரக்அத்கள். அவற்றில் 17 ருகூவும் 34 ஸுஜூதும் உள்ளன. ஆனால் காலை 9 மணிக்கு அலுவலகத்தில் அமர்ந்து மாலை 6 மணிக்கு எழும் ஒருவரின் பணிநேரத்துக்குள் வருபவை லுஹரும் அஸரும் மட்டுமே. பர்ளு எட்டு ரக்அத்கள். ஒளூவையும் சுன்னத்துகளையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அரை மணிதான் ஆகிறது. 540 நிமிடங்களில் 30 போக, மீதி 510 நிமிடங்கள் அவர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் நாற்காலியில். பகலுணவும் பலருக்கு அங்கேதான். பிறகு பைக்கிலோ நிறுவனப் பேருந்திலோ அமர்ந்தபடி வீடு திரும்புகிறார். வீட்டில் சோபாவும் கைப்பேசியும் காத்திருக்கின்றன. இத்தனை மணி நேர அசைவின்மையை எட்டு ருகூவுகள் ஈடுகட்டிவிடும் என்று நம்புவதற்கு இறையச்சம் என்று பெயரில்லை. கணக்குத் தெரியாமை என்றுதான் பெயர்.

அந்த எட்டு ரக்அத்களும் எப்படித் தொழப்படுகின்றன என்பதை அவரவர் நெஞ்சே அறியும். "இந்த மீட்டிங் முடியட்டும்" என்று லுஹர் தள்ளிப்போகிறது. அஸர் நேரம் நெருங்கும் வேளையில் ஓடிப்போய், ருகூவிலிருந்து முழுதாக நிமிராமலேயே ஸுஜூதுக்குச் சரிந்து, நான்கு நிமிடங்களில் முடித்துவிட்டு மறுபடியும் நாற்காலிக்கு ஓடுகிறோம். காகம் கொத்துவது போன்று ஸுஜூது செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அப்படித் தொழப்படும் தொழுகை தனக்குரிய கடமையையே நிறைவேற்றாத நிலையில், முதுகுக்கு மருந்தாகவும் வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்?

இனி முதுகுக்கு வருவோம். கண்களை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் தடுமாறாமல் போய்ச் சேரும். கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைக் கண்ணின் துணையின்றி மூளைக்கு அறிவிக்கும் ஓர் உணர்வு நமக்குள் இருக்கிறது. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் இதற்குப் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயரிட்டார். நிலையுணர்வு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பார்வைக்கும் செவிக்கும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லும் நாம், இந்த அருட்கொடையை நினைப்பதேயில்லை. சரியாக வேலை செய்யும் வரையில் அது இருப்பதே தெரிவதில்லை.

கீழ்முதுகில் ஐந்து பெரிய முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றை ஒட்டி ஆழத்தில் ஓடும் தசைகளுக்குள் கதிர் வடிவிலான நுண்ணிய உணர்விகள் பொதிந்திருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதை அவை இடைவிடாது மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். நாம் ஓரளவு நிமிர்ந்து அமர்ந்திருக்கும்போது இந்தத் தசைகள் மெல்லிய அளவில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. கூன் போட்டுச் சரிந்து அமர்ந்தால் நிலைமை மாறுகிறது. ஓர் எல்லைக்கு மேல் முதுகு வளைந்ததும் தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. உடலின் பாரம் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் மீதும் இடைத்தட்டுகள் மீதும் இறங்குகிறது. ஈரத்துணிகளைத் தாங்கும் நைலான் கொடி பகல் முழுவதும் மெல்ல மெல்லத் தொய்வது போல அந்த நார்களும் தொய்கின்றன. துணியை எடுத்த கணமே கொடி இறுகிவிடுவதில்லை, முதுகும் அப்படித்தான்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1992-இல் இதை அளந்து பார்த்தார்கள். 20 நிமிடங்கள் முழுமையாகக் குனிந்திருந்தவர்களின் முதுகு, எழுந்த பின் முதல் இரண்டு நிமிடங்களில் ஏறத்தாழப் பாதி விறைப்பை மீட்டுக்கொண்டது. ஆனால் அரை மணி நேரம் கழிந்தும் தளர்வு முழுமையாக நீங்கவில்லை. நாற்காலியில் நெடுநேரம் சரிந்திருந்துவிட்டு எழுந்த கையோடு தண்ணீர் கேனைத் தூக்குபவருக்கு முதுகு பிடித்துக்கொள்வது ஏன் என்பதை யோசிக்க இந்த ஒரு செய்தியே போதும்.

என் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வு. இத்தகைய ஆய்வுகளின் முறை எளிது. ஒருவரின் முதுகை ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்து, "இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பிறகு அவரைச் சரியச் செய்து, மீண்டும் அதே நிலைக்கு வரச் சொல்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்ள வழியிருக்காது. அவர் வந்து நிற்கும் இடத்துக்கும் வர வேண்டிய இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் பிழை. சில நொடிகள் மட்டும் சரிந்திருந்துவிட்டு வந்தபோது இருந்த பிழை, ஐந்து நிமிடங்கள் சரிந்திருந்த பின் கூடிவிட்டது. கவனியுங்கள்: ஐந்து ஆண்டுகள் அல்ல, ஐந்து மணி நேரமும் அல்ல. ஐந்து நிமிடங்கள். முதுகு தன் இடத்தை மறப்பதற்கு அவ்வளவு நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

முதுகுவலி உள்ளவர்களிடம் இந்த உணர்வு மங்கியிருப்பதைப் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இலும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள் 2003-இலும் காட்டினார்கள். இவையெல்லாம் சில பத்துப் பேரை வைத்துச் செய்யப்பட்ட சிறிய ஆய்வுகள். உணர்வு மங்கியதால் வலி வந்ததா, வலி வந்ததால் உணர்வு மங்கியதா என்ற விவாதமும் முடிந்தபாடில்லை. ஆகவே சரிந்து உட்கார்ந்தவர் எல்லாருக்கும் வலி நிச்சயம் என்று நான் பயமுறுத்த மாட்டேன். உட்காருவது புதிய புகைப்பழக்கம் என்று ஊடகங்கள் எழுப்பும் கூச்சலிலும் எனக்கு உடன்பாடில்லை. நான் பற்றிக்கொள்வது ஒன்றைத்தான்: நெடுநேரம் சரிந்து அமர்ந்திருப்பவர், எழுந்து நிற்கும்போது தம் முதுகைப் பற்றித் தவறான செய்தியைப் பெற்றுக்கொண்டிருக்கக்கூடும். அவர் நிமிர்ந்துவிட்டதாக நினைக்கிறார். முதுகு நிமிர்ந்திருக்காது.

இந்த இடத்தில்தான் விஷயம் மருத்துவரின் அறையிலிருந்து பள்ளிவாசலுக்குள் வருகிறது.

அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் தோழர்கள் சிலர் கூடியிருந்த அவையில் நபி (ஸல்) அவர்களின் தொழுகையை வருணித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ருகூவில் முழங்கால்களைக் கைகளால் உறுதியாகப் பற்றி முதுகை வளைத்ததையும், ருகூவிலிருந்து எழுந்ததும் முதுகின் ஒவ்வொரு முள்ளெலும்பும் தன் இடத்துக்குத் திரும்பும் அளவுக்கு நேராக நின்றதையும் அவர் எடுத்துச் சொல்கிறார். ருகூவில் நபியவர்களின் தலை உயர்ந்தும் இராது, தாழ்ந்தும் இராது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது முஸ்லிமில் உள்ளது. ருகூவிலும் ஸுஜூதிலும் முதுகை நேராக்காதவரின் தொழுகை நிறைவேறாது என்ற பொருளில் அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தியைத் திர்மிதீ, அபூ தாவூத் உள்ளிட்டோர் பதிவு செய்துள்ளனர். ருகூவு, இஃதிதால், ஸுஜூது ஆகியவற்றில் உறுப்புகள் அடங்கி நிலைபெறுவது ஷாஃபிஈ மத்ஹபில் ருக்னு. ஹனஃபீ மத்ஹபில் வாஜிப். எந்த மத்ஹபிலும் அது அலங்காரம் அல்ல.

உடனே சிலர், "பார்த்தீர்களா, 1400 ஆண்டுகளுக்கு முன்பே முதுகெலும்பு விஞ்ஞானம்!" என்று படம் தயாரிக்கப் புறப்பட்டுவிட வேண்டாம். அந்தத் தோழர் விஞ்ஞானம் பேசவில்லை. தம் நேசத்துக்குரிய நபியவர்கள் தொழுததைக் கண்டபடி சொன்னார். விஞ்ஞானச் சான்றிதழ் வாங்கித்தான் ஹதீஸைக் காப்பாற்ற வேண்டும் என்ற தாழ்வு மனப்பான்மை நமக்கு எங்கிருந்து வந்தது? தொழுகையை உடற்பயிற்சி என்று விளம்பரப்படுத்துகிறவர்கள், அதைவிடச் சிறந்த பயிற்சி ஒன்றை யாரேனும் கண்டுபிடித்துக் காட்டினால் என்ன செய்வார்கள்? அல்லாஹ் கட்டளையிட்டான் என்பதற்காகத் தொழுகிறோம். கால்வலி இருந்தாலும் தொழுகிறோம், காய்ச்சலிலும் தொழுகிறோம். பயன் கண்டு தொழுபவர், பயன் காணாத நாளில் விட்டுவிடுவார். ஐந்து வேளையும் பேணியும் முதுகுவலியால் துடிக்கும் ஒரு சகோதரரிடம் "ஒழுங்காகத் தொழுதால் வலி வராதே" என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய வலியோடு, தம் தொழுகையில் ஏதோ குறை என்ற குற்றவுணர்வையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள்.

என் கேள்வி எதிர்த்திசையிலிருந்து வருகிறது. தொழுகை முதுகுக்கு என்ன செய்யும் என்று கேட்பதை விட்டுவிட்டு, தொழுகைக்கு நாம் எத்தகைய முதுகைக் கொண்டுவருகிறோம் என்று கேட்டுப் பார்ப்போம். முள்ளெலும்புகள் தத்தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால், தன் இடம் எதுவென்று அந்த முதுகுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலை முதல் சரிந்தே கிடந்த முதுகு, லுஹரின் இஃதிதாலில் எதை "நேர்" என்று எடுத்துக்கொள்ளும்? நான் மேலே சொன்ன ஆய்வுகள் தொழுகையில் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை ருகூவுக்கும் இஃதிதாலுக்கும் பொருத்துவது என் அனுமானம். ஆனால் சோதித்துப் பார்க்க எவருக்கும் செலவில்லை. விடுமுறை நாளில் ஒன்று, அலுவலக நாளில் வீடு திரும்பியவுடன் ஒன்று என இரண்டு நஃபில் தொழுகைகளைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லி உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். மேசைபோல் சமமாக இருப்பதாக நீங்கள் நினைத்த ருகூவு, படத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு அது அதிர்ச்சியாக இருக்கும்.

"முதுகை நேராக்குங்கள்" என்று இமாம் சொல்லும்போது பின்னால் நிற்பவர் அலட்சியம் செய்கிறார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவர் உண்மையாகவே நேராக்கிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கலாம். அவருக்குக் கண்டிப்பினால் ஆகப்போவது ஒன்றுமில்லை. காலை பத்து மணிக்கு அவர் எப்படி அமர்ந்திருந்தார் என்பதில்தான் பிரச்சினை தொடங்கியிருக்கிறது.

அடுத்து, வரிசை ஓரத்து நாற்காலிகள். ஒரு தலைமுறைக்கு முன்பு பள்ளிவாசலில் ஒன்றிரண்டு நாற்காலிகள் இருந்தால் அவை முதியவர்களுக்கானவை. இன்று பல ஊர்களில் அவை ஒரு வரிசையாகவே பெருகிவிட்டன. அமர்ந்திருப்போரில் நாற்பதைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்கள் மீது கல்லெறியப் போவதில்லை. இடைத்தட்டு பிதுங்கிக் காலில் மின்னல்போல் வலி பாய்பவரின் வேதனை பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் வருந்தியபோது நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபியவர்கள் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. மார்க்கம் தந்த சலுகையைப் பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை.

ஆயினும் அந்த ஹதீஸின் வரிசையைக் கவனிக்க வேண்டும். நிற்பது முதலில் வருகிறது. இயன்றவர் பர்ளில் நிற்பது ருக்னு. அது சௌகரியத்துக்காகக் கைவிடப்படுவதன்று. நிற்க முடியும், ஆனால் ஸுஜூது செய்ய முடியாது என்பவர் நிற்க வேண்டுமா அமரலாமா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அதை அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. என் கவலை வேறு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்து, தொழுகை முடிந்ததும் வாசலில் அரை மணி நேரம் நின்று அரசியல் பேசும் முப்பத்தைந்து வயது இளைஞர், இடையில் நான்கு ரக்அத்களுக்கு மட்டும் நாற்காலி தேடுகிறார் என்றால், அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நாற்காலி நோயின் காரணமாக வந்ததா, அலுவலக நாற்காலியின் நீட்சியாக வந்ததா? பதில் அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையிலானது. நாம் செய்ய வேண்டியது, இப்போது இருபத்தைந்து வயதில் இருப்பவர் அந்த இடத்துக்கு வந்து சேராமல் பார்த்துக்கொள்வது.

இதற்கு வரும் மறுப்புகள் பழகியவைதான்.

"எல்லாம் விதி" என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, முதுகை மட்டும் அவிழ்த்துவிட்டு விதி என்பது பொருந்தாது. "வயதாகிவிட்டது" என்பார்கள், இருபத்தெட்டு வயதில். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதே என்று காகிதத்தை நீட்டுவார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2015-இல் வெளியிட்டார்கள். இருபது வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் இடைத்தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தலை நரைப்பது போல அதுவும் பெருமளவு இயல்பானது. அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயந்து அசையாமல் படுத்துவிடுவதுதான் ஆபத்து. முதுகுவலிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிட்ட ஒரு நோயைக் காரணமாகக் காட்ட இயலாது. இயன்றவரை நடமாடுவதே அவற்றுக்கு நல்லது. கால் மரத்து வலுவிழத்தல், சிறுநீர் மலம் கட்டுப்பாட்டை இழத்தல், வலியோடு காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ சேர்தல் ஆகியவை வேறு வகை. இவற்றில் ஒன்று தென்பட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுரைகளில் வைத்தியம் தேடக்கூடாது, இந்தக் கட்டுரை உட்பட.

"நம் முன்னோர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார்கள், நாற்காலிதான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்பது இன்னொரு வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மண்டிக்கடையில் கணக்குப்பெட்டிமுன் குனிந்து ஆயுளைக் கழித்த கணக்கர்களுக்கும் முதுகு வலித்தது. தைலம் விற்றவர்கள் அதனால்தான் பிழைத்தார்கள். தரையிலும் கூன் போடலாம். இதற்கு நேரெதிரான மாயை, விலையுயர்ந்த நாற்காலி. இருபதாயிரம் ரூபாய்க்கு ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால் முதுகு காப்பாற்றப்பட்டுவிடும் என்று சில இளைஞர்கள் நம்புகிறார்கள். நல்ல நாற்காலி தீங்கில்லை. ஆனால் எவ்வளவு நல்ல இருக்கையிலும் அசையாமல் நான்கு மணி நேரம் இருந்தால் உணர்விகளுக்குப் புதிய செய்தி எதுவும் கிடைக்காது. தசை நீண்டு சுருங்கும்போதுதான் அவை மூளைக்குப் பேசும். ஆகவே "சரியான இருப்பு" என்று ஒன்றைத் தேடி அதில் உறைந்துபோவதும் வீண். அடிக்கடி நிலையை மாற்றுவதே முதுகு கேட்பது.

எழுந்து நில்லுங்கள், நாலடி நடங்கள், கைகளை இடுப்பில் ஊன்றி ஒருமுறை மெல்லப் பின்னால் வளையுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வந்து அமருங்கள். அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். அது ஷரீஅத் சட்டம் அன்று, முன்பின் ஆனால் பாதகமில்லை. தொலைபேசி வந்தால் நின்று பேசுங்கள். லுஹரை அதன் தொடக்க நேரத்தில் தொழுங்கள். ஒளூவுக்கு நடப்பதும் சேர்ந்து நாளின் நடுவே ஒரு முறிவு கிடைக்கும். இஃதிதாலில் அவசரப்படாமல் நின்று, முதுகு எங்கே இருக்கிறது என்பதை உள்ளிருந்து உணர்ந்து பாருங்கள். இவை நாற்காலியை வெல்லப் போதுமா என்றால், போதாது. வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மூச்சு வாங்கும்படி நடப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்கிறது. தொழுகை அதிலிருந்து விலக்கு வாங்கித் தரும் சீட்டு அல்ல. பள்ளிவாசல் பதினைந்து நிமிட நடையில் இருந்தும் பைக்கை எடுப்பவர், தம் அடிச்சுவடுகளுக்குரிய நன்மையையும் சேர்த்தே இழக்கிறார்.

அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, உடலுக்கும் கண்ணுக்கும் அவர் மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அவரைத் தடுத்தார்கள். இபாதத்தில் உடலை வருத்தியவருக்கே இந்த அறிவுரை. எக்செல் ஏட்டுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் கெடுவுக்கும் உடலை வருத்துபவர் எதைக் காரணம் காட்டுவார்? "குடும்பத்துக்காகத்தானே" என்பார். உண்மை, ஹலாலான உழைப்பும் வணக்கமே. ஆனால் நாற்பத்தைந்து வயதில் நிமிர முடியாமல் வேலையை விட்டு வீட்டில் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? உலகில் மனிதர்களை மிக அதிக ஆண்டுகள் இயலாமையில் தள்ளும் உடற்குறை கீழ்முதுகுவலிதான். 2020-இல் 61.9 கோடிப் பேர் அதனோடு வாழ்ந்தார்கள்.

ஊழியரை மட்டும் குறை சொல்லிவிட்டு முதலாளிகளைத் தப்பவிட முடியாது. நம் சமுதாயத்தில் வணிகர்கள் பலர். வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது பற்றிய ஹதீஸைக் கடைச் சுவரில் மாட்டியிருப்பவர்களும் அவர்களில் உண்டு. அதே கடையில் கணக்கு எழுதும் பையன் இரண்டு முறை எழுந்து நடந்தால் முகம் சுளிக்கிறது. அந்தக் கணினிமுன் அமர்ந்திருப்பவர் எழுவதை வேலைக்கள்ளம் என்று பார்க்கும் மனம் மாற வேண்டும். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே தேய்ந்த பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உட்காரும் உரிமைக்கே ஒரு சட்டம் தேவைப்பட்ட சமுதாயம் நம்முடையது. நாள் முழுதும் நிற்பவருக்கு இருக்கையும், நாள் முழுதும் இருப்பவருக்கு எழும் இடைவெளியும் தராத முதலாளி, ஜகாத்தைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டதாக மட்டும் நிம்மதி கொள்ள வேண்டாம்.

வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகளின் நிலை இன்னும் இறுக்கமானது. தொழுவதற்கு ஒதுக்கிடம் இல்லாத அலுவலகத்தில் லுஹரும் களாவாகிறது, எழுவதற்கான ஒரே காரணமும் போய்விடுகிறது. நான்கடிக்கு நான்கடி மறைவிடம் ஒன்றை நிர்வாகத்திடம் கேட்க அவர்கள் தயங்கினால், அதே அலுவலகத்தில் உள்ள சகோதரர்கள் அவர்களுக்காகக் கேட்கலாமே. மத்ரஸாக்களுக்கும் ஒரு சொல்: ரிஹாலின்மீது குனிந்தபடி மணிக்கணக்கில் அமர்ந்து ஹிஃப்ளு செய்யும் பிள்ளைகளை, ஒரு பக்கத்தையேனும் நின்றபடி ஓதிக்காட்டச் சொல்லுங்கள். குர்ஆனின் கண்ணியம் அதனால் குறைந்துவிடாது.

கடைசியாக ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. குருதிக்கொடை முகாம் நடத்துவதில் நம் அமைப்புகளுக்கு நல்ல பெயர் இருக்கிறது. அந்த அனுபவத்தைக் கொண்டு, ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அழையுங்கள். பெண்களுக்குப் பெண் மருத்துவரை வைத்துத் தனி நேரம் ஒதுக்குங்கள். நிற்கவும் குனியவும் நிமிரவும் சொல்லி ஒவ்வொருவரின் முதுகையும் அவர் பார்க்கட்டும். எது நேர், எது வளைவு என்பதைக் கையால் தொட்டு உணர்த்தட்டும். பின்னர் இமாம் அவர்கள் அதே இடத்தில் ருகூவையும் இஃதிதாலையும் செய்துகாட்டித் திருத்தட்டும். நாற்காலி நன்கொடையாகத் தர முன்வரும் செல்வந்தர் இந்த முகாமின் செலவை ஏற்றுக்கொள்ளலாம். முகாமுக்கு வருவோர் பட்டியலில் முதலில் எழுதப்பட வேண்டியவை, வலி இன்னும் வராத இருபத்தைந்து முதல் நாற்பது வயதுவரை உள்ளவர்களின் பெயர்கள்.